தொரைச்சாமியை நான் சிப்பாயாக்கியது

இதை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சாதாரண தரம் வரை படித்தவள். அதிலும் கணிதம் இரண்டாம் முறைதான் சரிவந்தது. பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவில் வெளிக்கள உதவியாளராக முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் திரிந்ததைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதுகுவலி காரணமாகப் போன வருடம் காலத்துக்கு முன்பே ஓய்வு எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நேரில் வந்து கொஞ்சம் பேசுங்கோ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால், இந்த மனுசி பேச வந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கும் பொது இடச் சிலைகள் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் ஒரு வெட்டும் மூன்று கையெழுத்தும் இருக்கின்றன. அதில் ஒன்று இங்கிலீசுக் கையெழுத்து. உங்களில் ஒருவர் அதைக் காட்டி இது என்ன என்று கேட்டதாகவும், யாருக்கும் பதில் தெரியவில்லை என்றும் அறிந்தேன். அந்தப் பக்கத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். அதில் முட்டாள்தனம் செய்தது நான் ஒருத்திதான். ஆகவே யார் மனமும் நோகாது.

பொது இடங்களில் நிற்கும் சிலைகள் எல்லாவற்றையும் பட்டியல் போடச் சொல்லி எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் ஒரு படிவம் வந்தது. சிலை எதனால் செய்தது, எவ்வளவு உயரம், யாருடையது என்றெல்லாம் கேள்விகள். அதன் கீழே சிலையை ஒரு பிரிவில் அடக்க வேண்டும். ஒன்று சமயம், இரண்டு பெரியோர், மூன்று போர் நினைவுச்சின்னம், நான்கு ஏனையவை. மூன்றாம் பிரிவுக்கு மட்டும் ஒரு துணைக் கேள்வி: எந்தப் போர்?

வேறு மாவட்டங்களில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு சிலையைக் காட்டி, "இது ஆர்?" என்று கேட்டால், "ஏன் கேக்கிறியள்?" என்றுதான் பதில் வரும். பிறகு கேட்டவரும் கேட்கப்பட்டவரும் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படிவத்தைக் கண்டதும் அலுவலகத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, ஒருவருக்குப் பிள்ளையின் பாடசாலையில் கூட்டம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே படிவம் என்னிடம் வந்தது.

நான் மட்டும்தான் பிழைவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் பிரிவில் ஓர் உத்தியோகத்தர், அரிசி ஆலை வாசலில் நின்ற காவற்காரர் பொம்மையைப் பண்டைய வீரர் என்று எழுதினார். இன்னொருவர் பாடசாலையைக் கட்டிய முதலாளியைப் புலவர் என்று எழுதினார். முதலாளியின் குடும்பம் சந்தோசப்பட்டதால் அது திருத்தப்படவே இல்லை. என் பிழைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

துணுக்காய்ப் பக்கம் போகும் ஒரு கிரவல் வீதியில் ஒரு குடியேற்றத் திட்டம் இருக்கிறது. கலவரங்களில் மலையகத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் காடு வெட்டி வயலாக்கிய ஊர். ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரத்தின் கீழ் அந்தச் சிலை நிற்கிறது. சீமெந்துச் சிலை, ஆள் உயரம். தலையில் வட்டத் தொப்பி. காக்கிக் காற்சட்டை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். முழங்கால் வரை காலுறை, கனத்த சப்பாத்து, கக்கத்தில் ஒரு பிரம்பு, முறுக்கிய மீசை. காலடியில் ஒரு சீமெந்து நாய்.

நான் போனது மாசி மாதம், உச்சி வெயில். அரிவு வெட்டு நடந்ததால் ஊரே வயலில் இருந்தது. சிலையின் முன்னால் நிலம் கருகியிருந்தது. யாரோ புல்லுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோழி இறகு கிடந்தது. நரியின் வேலை என்று நினைத்தேன். சுருட்டுத் துண்டும் சாராயப் போத்தலும் கிடந்தன. குடிகாரர் வந்து இருக்கும் இடமாக்கும் என்று நினைத்தேன். படம் வடிவாக வரட்டும் என்று அந்தப் போத்தலை எடுத்துப் பக்கத்துப் புற்றுக்குள் எறிந்தேன். இப்போது யோசித்தால், ஒரு மனுசி இத்தனை சாட்சிகளை வரிசையாகத் தள்ளிவைக்க எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

பீடத்தில் ஒரு கல்வெட்டு இருந்தது. எழுத்தெல்லாம் உதிர்ந்து, "நினைவாக" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. காக்கி, தொப்பி, சப்பாத்து, நாய், நினைவாக. எனக்கு அது போதும். மூன்றாம் பிரிவு என்று எழுதினேன். அடுத்தது அந்தத் துணைக் கேள்வி. எந்தப் போர்?

நான் யோசித்தது எந்தப் போர் என்று அல்ல. எந்தப் போரை எழுதினால் எந்தக் கந்தோரிலிருந்தும் என்னை விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் யோசித்தேன். வெள்ளைக்காரர் தங்களுக்குள் அடிபட்ட பழைய உலகப் போரில் எங்கள் பக்கத்தில் இப்போது யாருக்கும் கோபம் இல்லை. அதனால் அதையே படிவத்திலும் எங்கள் பதிவேட்டிலும் எழுதினேன். "உலகப் போர்ச் சிப்பாய், நாயுடன்."

பத்தடி தள்ளி ஒரு வேலிக்குப் பின்னால் ஒரு பெண் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் பிரதேச செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் எந்தக் கடிதத்தையும் அது வெடித்துவிடும் என்பது போல இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாசிப்பார். மேலிடத்துக் கடிதம். உலகப் போரில் இறந்தவர்களின் நினைவிடங்களைத் தேடிப் பராமரிக்கும் ஒரு வெளிநாட்டுச் சங்கம் எங்கள் பட்டியலைப் பார்த்திருக்கிறது. தங்கள் கணக்கில் இல்லாத ஒரு சிப்பாய் வன்னிக் காட்டில் நிற்பதைக் கண்டு உருகிவிட்டார்களாம். தை மாதத்தில் மூன்று பேர் வந்து மலர்வளையம் வைக்கப் போகிறார்கள். அவர்கள் வந்து போன மறுநாளே சிலையைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட வேண்டும். வேலிக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, உயிர் வெட்டக் கூடாது, மது கொண்டுபோகக் கூடாது.

"உங்களாலதான் எங்கட பிரதேசத்தின்ர பேர் வெளியில தெரிய வந்திருக்கு," என்றார்.

என் சேவைக்காலத்தில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. இரண்டு நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள், இடத்தைத் துப்புரவாக்கச் சொல்ல அந்த ஊருக்குப் போனேன்.

பாலை மரத்தடியில் ஒரு மெலிந்த மனிதர் சிலையின் சப்பாத்துக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார். முத்தையா பூசாரி என்று சொன்னார். பூசாரி என்ற சொல்லைக் கேட்டதும் படிவத்தின் முதலாம் பிரிவு ஞாபகம் வந்தது. இருந்தும் விசயத்தைச் சொன்னேன்.

"சிப்பாயா?" என்றார். "யாருங்க சிப்பாயி?"

"உந்தச் சிலைதான்."

அவர் சிலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், தனக்குத் தெரியாமல் ஆள் மாறிவிட்டதா என்பது போல. "இது தொரைச்சாமிங்க, மிஸ்."

வேலிக்கு அப்பாலிருந்து அந்தச் சட்டி கழுவிய பெண் வந்தார். அழகம்மா என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போன மாசியில மொட்ட வெயில்ல வந்து, படம் புடிச்சிட்டு, சாமிக்கு வச்ச போத்தலத் தூக்கிப் புத்துக்குள்ள எறிஞ்சது நீங்கதானே மிஸ்?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல. "ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"நீங்க கேக்கலயே."

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சிகளிலேயே ஆகச் சிறியதும் ஆகப் பயனுள்ளதும் அந்த இரண்டு சொல்தான்.

பிறகு அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னது இது. மலையில் இவர்களின் பாட்டன்மார் வேலை செய்த தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாராம். காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். துரை பெயர்களை வாய்க்கு வந்தபடி கூப்பிடுவாராம். தன் பெயர்தான் என்று விளங்காமல் நின்றவருக்கு அன்று வேலை இல்லை. துரை செத்த பிறகும் பெரட்டுக் களத்தை விட்டுப் போகவில்லையாம். கனவில் வந்து, உங்கள் பெயர்களைச் சரியாகச் சொல்லி முடிக்காமல் என்னால் போக முடியவில்லை என்று அழுதாராம். பரிதாபப்பட்டு அவரைச் சாமியாக்கி, வருடத்தில் ஒரு நாள் பெயர் கூப்பிடும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். தை மாதம், கதிர் முற்றும்போது பூசாரி மேல் துரை வருவார். ஊரில் உள்ள அறுபத்திரண்டு குடும்பத்தையும் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு முடித்தால்தான் சாமிக்குச் சாராயமும் கோழியும் சுருட்டும். பெயர் சொன்ன வீட்டின் வயலை யானையும் பன்றியும் தொடாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடத்துக் கல்வெட்டு, பீடம் கட்டிக் கொடுத்தவர் தன் தகப்பன் நினைவாகப் பதித்தது.

"வேலி போட்டுட்டா பெரட்டு எங்கிட்டு நடத்துறது?" என்று பூசாரி கேட்டார்.

"வேற இடத்தில..." என்று நான் இழுத்தேன்.

"அவரு இங்கனதான் நிக்கிறாரு," என்றார் அழகம்மா. "எங்க வயலு காட்டோரம் மிஸ். ஊருக்குள்ள மொதல்ல யான காலு வைக்கிறது எங்க வயல்லதான். சண்டை முடிஞ்சு முகாமில இருந்த வருசம் பெரட்டு நடக்கல. திரும்பி வந்தப்ப வயலும் இல்ல, வீடும் இல்ல. அது யானையில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா பெரட்டு நடக்காத வருசம்னு ஒண்ணு இனிமே எனக்கு வேணாம்."

அவர் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னார். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுதான் என் காதில் நின்றது.

எங்கள் பதிவறையில் ஒருவர் இருந்தார். முல்லைத்தீவு முஸ்லிம் பெண். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து வேலையில் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான் என்று எழுதினால் சிரிப்பார். தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"அக்கா, நீங்க சாமியைப் பட்டாளத்தில சேர்த்திட்டீங்க," என்றார். "கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டீங்க. இனி அவர் விட்டிட்டு ஓடினாலும் பிடிச்சிட்டு வந்திடுவாங்க."

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மேசை லாச்சியிலிருந்து எழுத்தழிக்கும் வெள்ளை மையை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதீங்க. அழிச்ச இடத்தைக் காணுறவன் என்னத்தை மறைச்சாய் எண்டு கேட்பான். ஒற்றைக் கோட்டால வெட்டின இடத்தைக் காணுறவன் என்னத்தைத் திருத்தினாய் எண்டு கேட்பான். ரெண்டாவதுக்கு நீங்க பதில் சொல்லலாம்."

இருவரும் செயலாளரிடம் போய், வெளிநாட்டார் வரும் நாளும் பெரட்டும் ஒரே நாள் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடியே கேட்டார்.

"ஆதாரம் இருக்கோ?"

"ஊர்ச் சனம் சொல்லுது சேர்."

"ஊர்ச் சனம் சொல்லுறதை வைச்சுக் கொழும்புக்கு எழுத ஏலாது. அந்தச் சங்கமே இவர் எங்கட ஆள் இல்லை எண்டு எழுதித் தந்தால் பார்க்கலாம்." நடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறோம் என்ற நிம்மதியோடு சொன்னார். "அவையள் காலமை ஒன்பது மணிக்கு வருவினம். பத்துக்குப் போயிடுவினம். ஊராக்கள் அதுக்குப் பிறகு தங்கட பூசையை வைக்கட்டும். இந்த வருசம் மட்டும்தான். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

எனக்கு அந்தக் கடைசி உத்தரவு பிடித்திருந்தது. ஒன்றும் கதைக்காமல் இருப்பதில் நான் வல்லவள். பதிவறைத் தங்கச்சி மட்டும் அறையை விட்டு வெளியே வந்ததும் ஏதோ மனக்கணக்குப் போடுவது போல நின்றார்.

அந்த நாள் வந்தது. செயலாளரும் நானும் பதிவறைத் தங்கச்சியும் காலையிலேயே அங்கே போய் நின்றோம். ஒன்பது மணியானது, பத்தானது, பதினொன்றானது. வரவேண்டியவர்களின் வான் சாரதி, விருந்தாளிகளுக்குக் கடனீரேரிப் பறவைகளைக் காட்டலாம் என்று பூநகரிப் பக்கம் சுற்றிக்கொண்டு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். பெரட்டு உச்சிக்கு முன் முடிய வேண்டும். ஊர் முழுக்கக் குளித்து, பாலை மரத்தடியில் வரிசையாக நின்றது. கோழிகள் காலில் கட்டுடன் ஓரமாகக் கிடந்தன. பதினொன்றரைக்குப் பூசாரி செயலாளரிடம் வந்தார்.

"இனி நம்ம கையில இல்லீங்க," என்றார்.

தப்பு அடித்தார்கள். பூசாரிக்கு உடம்பு உதறியது. யாரோ தலையில் தொப்பியை வைத்தார்கள், கக்கத்தில் பிரம்பைச் செருகினார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த மெலிந்த உடம்புக்குள்ளிருந்து எப்படி வந்தது என்று தெரியாத ஒரு கனத்த குரலில், "பெரட்டு," என்றார். பெயர்ப் புத்தகத்தை விரித்தார்.

அந்த நேரம் பார்த்து வான் வந்து நின்றது.

முதலில் ஒரு வயதான அம்மா இறங்கினார். பிறகு கமராவுடன் ஓர் இளம்பெண். கடைசியாக அவர் இறங்கினார். உயரமான பெரியவர். தலையில் வெயிலுக்கு வட்டத் தொப்பி. காக்கிக் காற்சட்டை முழங்காலுக்கு மேலே நின்றது. முழங்கால் வரை காலுறை, கனத்த சப்பாத்து, வெள்ளை மீசை. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிவப்பு மலர்வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நடந்து வந்தார்.

தப்பு நின்றது. நாய்கூடக் குரைக்கவில்லை. சீமெந்து நாயைச் சொல்லவில்லை, ஊர் நாய்களைச் சொல்கிறேன்.

"எறங்கியே வந்துட்டாரு," என்றார் அழகம்மா, மெதுவாக.

பூசாரி சிலையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், திரும்பவும் சிலையைப் பார்த்தார். பிறகு தன் தலைத் தொப்பியைக் கழற்றினார். நேரே போய்ப் பெயர்ப் புத்தகத்தைப் பெரியவரின் கையில் கொடுத்தார். அருள் வந்த நிலையில் அப்படிச் செய்தீர்களா, அருள் இறங்கிய பிறகா என்று நான் பின்னால் கேட்டேன். "உண்மையான ஆளு வந்த பெறகு நா எதுக்குங்க நடிக்கணும்," என்றார். இன்றுவரை அந்தப் பதிலை எந்தப் பிரிவில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் ஏதோ கேட்டார். செயலாளர் ஏதோ சொன்னார். இங்கிலீசு எனக்குச் சரியாக விளங்காது. ஆனால் பெரியவர் உடனே மலர்வளையத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்ற விதத்திலிருந்து விளங்கியது. போரில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் என்று சொல்லியிருக்கிறார். அதை வாசிக்கும் மரியாதையைத் தனக்குத் தருகிறார்கள் என்று பெரியவர் நம்பிவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

தமிழ் எழுத்து தெரியாததால் பூசாரி பக்கத்தில் நின்று முதற் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்.

"பழனியாண்டி."

"பலனாண்டி," என்றார் பெரியவர், கம்பீரமாக.

பதில் இல்லை. செத்தவர் பதில் சொல்ல மாட்டார் என்பதால் பெரியவர் தலையைக் குனிந்து அஞ்சலி செய்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். பூசாரி விடவில்லை. அதே வரியில் விரலை வைத்து அழுத்தினார்.

"பழனியாண்டி."

"பளனாண்டி."

பழனியாண்டி முன்வரிசையில்தான் நின்றார். ஆறடி ஆள். தனக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலப் பாலை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் சரிவரவில்லை. நாலாம் முறை பெரியவர் நாக்கை எங்கேயோ மடித்து, முகமெல்லாம் சிவந்து, ஒருவாறு சொல்லிவிட்டார்.

"இருக்கேங்க தொரை," என்று பழனியாண்டி இடிபோல முழங்கினார்.

பெரியவர் துள்ளினார். புத்தகம் கையிலிருந்து விழுந்தது. செத்த சிப்பாய் பதில் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு குடும்பமும், மூன்று வெள்ளைக்காரரும்.

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் பேசாமல் நின்றால் செயலாளர் இன்னொரு பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கெட்டிக்காரர். வந்தவர்கள் வளையம் வைத்துவிட்டு, அழுதுவிட்டுப் போவார்கள். நாளைக்குக் காலை வேலி வரும். அழகம்மா வரிசையில் கடைசியாக, முந்தானையை இழுத்துச் செருகியபடி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ டெட், சேர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதிவறைத் தங்கச்சி பின்னாலிருந்து முதுகில் ஒரு விரலால் குத்தினார், வலிக்கிற முதுகில். "நோ டெட் சேர். ஓல் லைவ். நோ சோல்ஜர். மை மிஸ்டேக்."

நான் பொது இடத்தில் பேசிய முதல் இங்கிலீசு அது. அதற்குப் பிறகும் பேசியதில்லை.

முதலில் சிரித்தவர் பெரியவரின் மனைவி. சிலையைக் காட்டினார், தன் கணவரின் காற்சட்டையைக் காட்டினார், ஊன்றுகோலைக் காட்டினார். பெரியவர் சிலைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். ஊர் அதுவரை பிடித்துவைத்திருந்த சிரிப்பை ஒரேயடியாக விட்டது. செயலாளர் கைலேஞ்சியால் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். பிறகு, அவரை மெச்ச வேண்டும், துரையின் கதையை ஒன்றும் விடாமல் முழுதாகச் சொன்னார்.

பெரியவர் கேட்டுக்கொண்டே நின்றார். பெயர் சரியாகக் கூப்பிடாததால் வேலை இல்லாமல் நின்றவர்களைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கதை முடிந்ததும் கீழே கிடந்த புத்தகத்தைத் தானே குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டினார், ஆனால் பூசாரியிடம் நீட்டவில்லை. விரித்து வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்பது போலப் பார்த்தார்.

அறுபத்திரண்டு பெயரையும் அவரே கூப்பிட்டார். வெயிலில் நின்று, தண்ணீரும் குடிக்காமல். வெள்ளைச்சாமி சுலபமாகப் போனது. மூக்காயி கொஞ்சம் கஷ்டப்படுத்தினார். உச்சி தாண்டிவிட்டதே என்று ஒருவர் முணுமுணுத்தார். "தொரையே நேர்ல நிக்கிறாரு, உச்சி நிக்காதா?" என்று பூசாரி அவரை அடக்கினார்.

கடைசிப் பெயர் அழகம்மா.

"அலகம்மா."

அவர் அசையவில்லை. "அளகம்மா" என்றதற்கும் அசையவில்லை. ஐந்து முறை ஆகிவிட்டது. பெரியவரின் காலுறை நழுவிக் கணுக்காலில் கிடந்தது.

"அம்மா, இவ்வளவும் காணும். பாவம் மனுசன், விடுங்கோ," என்றார் செயலாளர்.

"எங்க வயலு காட்டோரம் சேர். அரகொறயாக் கூப்பிட்டா யானைக்கு வெளங்காது."

ஏழாம் முறை சரியாக வந்தது. "இருக்கேங்க தொரை," என்று அழகம்மா சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சாமிக்கு உரியது சாமிக்குக் கிடைத்தது. பெரியவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவர் அதை ஒரே மிடறில் விழுங்கியபோது செயலாளர் வயல் பக்கம் திரும்பி நெல்லின் விளைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோகவா என்று அந்த அம்மா கேட்டார். சாமிக்கு முன்னால் வந்த பூவைத் திருப்பக் கூடாது என்று ஊர் சொன்னது. சிலையின் தொப்பியைத் தாண்டி வளையம் இறங்கவில்லை. நாயின் கழுத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது.

எல்லோரும் பொங்கிய புக்கையும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதிவறைத் தங்கச்சி தன் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து வான் முகப்பில் விரித்தார். நான் "உலகப் போர்ச் சிப்பாய்" என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். மேலே "தொரைச்சாமி, சமயம்" என்று எழுதினேன். நாயை வெட்டவில்லை, அது உண்மைதானே. கையெழுத்து வைத்தேன். பெரியவர் பக்க ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். செயலாளர் அதை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார்.

"என்ன எழுதியிருக்கு சேர்?" என்று தங்கச்சி ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"இவர் எங்கட ஆள் இல்லையாம்." அவர் தங்கச்சியைப் பார்த்தார். "நீர் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு வந்தது இதுக்குத்தானோ?"

"நீங்கதானே சேர் ஆதாரம் கேட்டீங்க."

செயலாளர் மூன்றாவது கையெழுத்தை வைத்தார்.

பிள்ளைகளே, புத்தி சொல்லும் அளவுக்கு நான் ஆள் இல்லை. ஆனால் கேட்டதற்காக இரண்டொன்று சொல்கிறேன். தெரியாது என்று எழுதப் படிவத்தில் இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள். பயத்தில் நிரப்பிய கட்டத்தைவிட வெறும் கட்டம் ஆயிரம் மடங்கு நல்லது. சிலை யாருடையது என்று கற்றவரிடம் கேட்க முன்னர், அதன் சப்பாத்துக்கு மை பூசுகிறவர் யார் என்று பாருங்கள். கூச்சமாக இருந்தால் தண்ணீர் கேட்பது போலப் போய்க் கதையைத் தொடங்குங்கள், நான் பிறகு அப்படித்தான் செய்தேன். பிழைவிட்டால், அதால் யாருக்கு என்ன போகப்போகிறது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் அன்று வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முள்ளுக்கம்பியும் தூண்களும் ஏற்றிய லொறி அலுவலகத்துக்கு வந்தது. செயலாளர் வேலி தேவையில்லை என்று கடிதம் கொடுத்தார். சாரதி கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு, வெளியே தேத்தண்ணி குடித்துவிட்டு, லொறியைத் திருப்பிக்கொண்டு போனார்.